மான் தடம் பிடிக்க நாயைப் பழக்குவது: வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

பழைய அகப்பாடல்களில் ஒரு தந்திரம் உண்டு. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் பேச வேண்டும், பேசுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். தலைவன் வில்லோடு வந்து நிற்பான். "என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா?" என்பான். இதற்குக் கலைமான் வினாதல் என்று துறைப்பெயரே இருக்கிறது. மானும் பொய், அம்பும் பொய் என்பது தோழிக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய் எடுபட வேண்டுமானால், அடிபட்ட மான் காணாமல் போவது ஊரறிந்த சங்கதியாக இருந்திருக்க வேண்டும்.

இன்றும் அப்படித்தான். நுரையீரலில் குண்டு பாய்ந்த மான்கூட நூறு மீட்டர் ஓடிவிட்டுத்தான் சாயும். வயிற்றில் பட்டிருந்தால் வெகுதூரம் போகும், புதருக்குள் படுக்கும், ஆள் அரவம் கேட்டால் மறுபடி எழுந்து நடக்கும். பல நேரம் தரையில் ரத்தம் இருக்காது. கொழுப்போ குடலோ காயத்தை அடைத்துக்கொள்ளும். அந்த விலங்கைத் தேடிப்பிடித்து அதன் வேதனையை முடிக்கவும், இறைச்சி வீணாகாமல் காக்கவும் தடம்பிடி நாய் வேண்டும். இது துரத்துகிற நாய் அல்ல. நீள வாரில் கட்டப்பட்டு, மூக்கைத் தரையில் வைத்து, பல மணி நேரம் பழைய மணத்தின் பின்னால் நடக்கிற நாய்.

நான் இந்த வேலையை முதலில் பார்த்தது ஜெர்மனியில். வேலைக்காக இரண்டு ஆண்டு தெற்குப் பகுதியில் இருந்தேன். அங்கே பல மாநிலங்களின் வேட்டைச் சட்டமே, அடிபட்ட விலங்கைத் தேடத் தகுந்த நாய் வேண்டும் என்கிறது. இதற்கென்றே வளர்த்த இனங்களுக்கு ஷ்வைஸ்ஹுண்ட் என்று பெயர். ஷ்வைஸ் என்றால் வியர்வை. வேட்டைக்காரர் வழக்கில் அது ரத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் நாயோடு போகும்போது என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். ஒரே நிபந்தனை: வாயைத் திறக்காமல் பின்னால் வர வேண்டும். நாய் நின்றால் நிற்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அன்று அது அவருடைய முசுட்டுக் குணம் என்று நினைத்தேன். பிறகு சிங்கப்பூர் திரும்பி, சொந்தமாக ஒரு நாயைப் பழக்கத் தொடங்கியபோதுதான், இந்தக் கலையில் பாதி அந்த நிபந்தனைக்குள் இருக்கிறது என்று புரிந்தது. மோப்பம் பிடிக்க நாய்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மணத்தை விடாமல் பிடிக்க வேண்டும் என்று காட்டினால் போதும். மீதி நேரம் நாம் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும்.

முதலில் சட்டம்

சிங்கப்பூரில் மான் வேட்டை இல்லை, இருக்கவும் முடியாது. 2020-இல் திருத்தப்பட்டுப் பெயரும் மாறிய வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் காட்டு விலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நம் தீவில் மான் இல்லை என்று நினைக்காதீர்கள். மண்டாய்ப் பக்கம் கடமான்கள் திரிகின்றன. 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை என்கிறார்கள். முயல் அளவே இருக்கும் சருகுமானும் நடுக்காட்டில் உண்டு. விரைவுச்சாலை ஓரம் அடிபட்ட மானைப் பார்த்தால், நாயை இறக்கிவிட்டு வீரம் காட்ட வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் இங்கே எதற்கு இந்தப் பயிற்சி? ஒன்று, நான்கு சுவருக்குள் அடைபட்ட நாய்க்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடத் தடம் ஒன்றைப் பிடித்த நாய், ஒரு மணி நேரம் நடந்த நாயைவிட நன்றாகத் தூங்கும். இரண்டாவது, நம்மில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குடிபோகிறோம். அங்கே மான் வேட்டை சாதாரணம். விக்டோரியா மாநிலக் காடுகளில் இருப்பது நம் கடமானேதான்; 1860-களில் கப்பலில் கொண்டுபோய் விட்டது. அங்கே போனபின் தொடங்குவதைவிட, அடிப்படையை இங்கேயே போட்டுவிடலாம். துப்பாக்கியோ மானோ இல்லாமல் ஒரு நாயை முக்கால்வாசி பழக்கிவிட முடியும்.

எந்த நாய்?

மனித மூக்கில் மணம் உணரும் அணுக்கள் ஏறத்தாழ 50, 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. ஆகவே உங்கள் வீட்டு நாய்க்கு மூக்கு போதுமா என்ற கவலை வேண்டாம். பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். ஒளித்துவைத்த பிஸ்கட்டை ஐந்து நிமிடம் விடாமல் தேடுகிற நாய் தேறும். பத்து நொடி தேடிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற நாய்க்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டம். வீவக அனுமதிக்கும் சிறிய இனங்களின் பட்டியலில் டாஷ்ஹண்ட் இருக்கிறது. சாசேஜ் நாய் என்று கோப்பிக்கடையில் சிரிக்கிறார்களே, அதேதான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அடிபட்ட மானைத் தேட அதிகம் பயன்படுத்தும் நாய்களில் அது ஒன்று. குட்டைக் கால், தரையை ஒட்டிய மூக்கு, பிடித்தால் விடாத பிடிவாதம். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். குழாய்ப்புட்டு மாதிரி இருப்பதால் பெயர் புட்டு.

தெருவிலிருந்து மீட்ட கலப்பின நாய்களும் அருமையாகச் செய்யும். அவற்றை வீவக வீட்டில் வளர்க்கத் தனித் திட்டம் இருக்கிறது. பீகிள், லாப்ரடார் எல்லாம் தரைவீட்டுக்காரர்களுக்கும் கொண்டோக்காரர்களுக்கும். பக் போன்ற சப்பைமூக்கு நாய்களுக்கு நம் வெயிலில் மூச்சுவிடுவதே பாடு, அவற்றை இதில் இழுக்காதீர்கள். ஊர்ப்பெருமையில் சிலர் சிப்பிப்பாறை, கன்னி பற்றிக் கேட்பார்கள். அவை கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் நாய்கள். தரையில் மூக்கை வைத்து ஊர்வது அவற்றின் குணத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது.

நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

சாமான் பட்டியல் சிறியது. பத்து மீட்டர் நீளமுள்ள வார். துணி வார் ஈரப்புல்லில் ஊறிக் கனத்துவிடும், ரப்பர் மாதிரி வழவழப்பான பயோதேன் வாங்குங்கள். நெஞ்சில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இந்த வேலைக்கு மட்டும். தினசரி நடைக்கு அதைப் போடாதீர்கள். ஒரு மாதத்தில் அந்த ஹார்னஸை எடுத்தாலே நாயின் முகம் மாறும். சமையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி. அப்புறம், வழியை அடையாளம் வைக்கக் கலர் ரிப்பன் கட்டிய துணி கிளிப் இருபது, அழுத்திச் சொட்டவிடும் கெச்சப் பாட்டில், பழைய காலுறை, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர்.

மூடும் டப்பா ஏன் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் தடத்தில் அங்கங்கே இறைச்சித் துண்டு போடச் சொல்லும். இங்கே அது ஆகாது. குரங்கும் காட்டுப்பன்றியும் உடும்பும் வந்து தின்றால், காட்டு விலங்குக்குத் தீனி போட்ட குற்றம் நம் தலையில். குப்பை போட்டதாகவும் ஆகும். ஆகவே பரிசு முழுவதும் தடத்தின் முடிவில், மூடிய டப்பாவுக்குள். நாய் டப்பாவைக் கண்டு நின்றதும் நாம் திறந்து கொடுக்கிறோம். சட்டத்துக்குப் பயந்து செய்த மாற்றம் இது. ஆனால் இதனால் ஒரு நன்மை: வழியில் பொறுக்கித் தின்னும் கெட்ட பழக்கம் நாய்க்கு வரவே வராது.

ரத்தத்துக்குப் பதில் ஈரல்

ஜெர்மானியர்கள் செயற்கைத் தடத்துக்கு மான் ரத்தமோ மாட்டு ரத்தமோ பயன்படுத்துவார்கள். ஊரில் என்றால் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் கேட்டு வாங்கிவிடலாம், பொரியலே செய்கிறோம். இங்கே சந்தையில் ரத்தம் விற்பதில்லை. ஈரல்தான் வழி. தேக்கா சந்தையில் ஆட்டு ஈரல் கால் கிலோ வாங்குங்கள். அரை லிட்டர் தண்ணீரில் அரைத்து, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். வேண்டிய அன்று நான்கைந்து கட்டியை எடுத்து உருகவிட்டுப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். தட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் ஒருநாள் எலுமிச்சைச் சாற்றில் இரண்டு கட்டியைப் போட்டுவிட்டார். அதன்பிறகு மூன்று வாரம் அவர் புட்டுவோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஜெர்மன் தேர்வுகளில் ஒரு கிலோமீட்டர் தடத்துக்குக் கால் லிட்டர் ரத்தம்தான். கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு 25 மில்லி, இரண்டு மேசைக்கரண்டிகூட இல்லை. நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு சொட்டினால் அது நாய்க்கு விரைவுச்சாலை. பிள்ளைகள் விளையாடும், மக்கள் பாய்விரித்து உட்காரும் புல்வெளியில் சொட்டவே வேண்டாம். ஈரல் துண்டைக் காலுறையில் கட்டி இழுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

மான் வாசமே வேண்டும் என்பவர்களுக்கு: செல்லப்பிராணிக் கடைகளில் நாய் கடிக்க மான்கொம்புத் துண்டும், உலர்த்திய மான் இறைச்சியும் கிடைக்கும். டப்பாவுக்குள் அந்த இறைச்சியை வைத்தால், கடைசியில் கிடைப்பது மான் என்று நாய்க்குப் பதியும்.

முதல் தடம்

இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். நாய் ஓடும் வேலித்திடல் வேண்டாம். அங்கே ஆயிரம் நாய்களின் மணம். பூங்கா இணைப்புப் பாதையும் வேண்டாம், பத்து மீட்டர் வாரில் சைக்கிள்காரர் சிக்கினால் பெரிய வம்பு. இயற்கைக் காப்பகங்களுக்குள் நாயோடு போகாதீர்கள். நடமாட்டம் குறைந்த, வெட்டிய புல் கணுக்கால் உயரம் இருக்கிற திறந்த வெளி போதும். நுழைவாயிலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பாருங்கள். தடம் காற்று போகும் திசையிலேயே போக வேண்டும், அதாவது நாய்க்குக் காற்று முதுகில் பட வேண்டும். எதிர்க்காற்றாக இருந்தால் டப்பாவின் மணம் நேராக மூக்குக்கு வந்துவிடும். நாய் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும், தரையில் எதையும் கற்றுக்கொள்ளாது.

தொடக்கத்தில் காலால் புல்லைக் கொஞ்சம் கீறிவிடுங்கள். அதுதான் மான் சுடப்பட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காலுறையை நன்றாகத் தேய்த்து, பதினைந்து மீட்டர் நேர்கோட்டில் இழுத்துப் போய், முடிவில் டப்பாவை வையுங்கள். திரும்பி வரும்போது அதே வழியில் வராதீர்கள், தள்ளிச் சுற்றி வாருங்கள். நாய் இதையெல்லாம் பார்க்கக் கூடாது.

இப்போது ஹார்னஸ் மாட்டி, கீறிய இடத்துக்குக் கூட்டிவந்து நில்லுங்கள். தலையைப் பிடித்துத் தரையில் அழுத்தாதீர்கள். நின்றால் போதும், அதுவே முகரும். மூக்கு இறங்கியதும் ஒரே ஒரு சொல்: "தேடு." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டியது. நாய் நகர்ந்தால் நகருங்கள். விலகினால் நின்றுவிடுங்கள், வார் இறுகும், அது தானே திரும்பும். டப்பாவை அடைந்ததும் மட்டும் ஊரே கேட்கும்படி கொண்டாடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தடம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று. அது கேட்கிறதே என்று ஆசையில் நான்கு போட்டால் அலுத்துவிடும். குட்டி என்றால் பத்து வாரத்திலேயே வீட்டுக்குள், நடைக்கூடத்தில் தொடங்கலாம். தடுப்பூசி முடியும்வரை வெளிப்புல் வேண்டாம்.

படிப்படியாகக் கடினமாக்குவது

முதல் இரண்டு மூன்று வாரம் நேர்கோடு, பதினைந்திலிருந்து நாற்பது மீட்டர். அடுத்து மெல்லிய வளைவு. அப்புறம் செங்கோணத் திருப்பம். இங்கேதான் எல்லா நாயும் தடுமாறும்: திருப்பத்தைத் தாண்டி நேராக இரண்டு மூன்று மீட்டர் போகும், மணம் அறுந்ததும் குழம்பும், வட்டம் போடும். நீங்கள் மரம் மாதிரி நில்லுங்கள். அந்த வட்டம்தான் பாடம். திருப்பம் எந்தப் பக்கம் என்று தெரிந்த மனிதர்களுக்கு அந்த அரை நிமிடம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால் தெரியும். தோள் தானாகச் சரியான பக்கம் திரும்பும், நாய் அதைப் படித்துவிடும்.

நூறு மீட்டரும் இரண்டு திருப்பமும் வந்தபின் இழுப்பதை விட்டுச் சொட்டுக்கு மாறுங்கள். நாலடிக்கு ஒரு சொட்டு, பிறகு எட்டடிக்கு ஒன்று. நடுவில் ஐந்து மீட்டர் எதுவுமே இல்லாத இடைவெளி விடுங்கள். ஓரிடத்தில் மட்டும் தாராளமாகத் தடவுங்கள். அடிபட்ட மான் படுத்து எழுந்த இடம் அது. படுக்கையில் நாய் நின்று நன்றாக முகர்ந்துவிட்டு, வெளியேறும் வழியைத் தானே தேடப் பழக வேண்டும்.

நேரத்தையும் கூட்டுங்கள், ஆனால் நீளத்தையும் பழசையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். உடனே, பதினைந்து நிமிடம் கழித்து, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, கடைசியில் இரவு போட்டுக் காலையில் எடுப்பது. ஜெர்மன் தேர்வில் இருபது மணி நேரம் பழசான தடம், அதற்கு மேல் நாற்பது மணி நேரம்கூட உண்டு. நம் ஈரப்பதம் இதில் கைகொடுக்கிறது. இரவு முழுக்கப் பனிபட்ட புல்லில் மணம் நன்றாக நிற்கும். உச்சிவெயிலில் காய்ந்த தரையும், நம்மூரில் கொட்டுகிற பேய்மழையும்தான் எதிரி. லேசான தூறல் ஒன்றும் செய்யாது.

உண்மையான மானின் தடத்தில் ரத்தம் ஒரு பகுதிதான். மானின் குளம்புப் பிளவுக்குள் சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்த மானுக்கே உரிய மணம் தரையில் ஒட்டும். மிதிபட்ட புல், கிளறிய மண் மணமும் சேரும். நன்கு பழகிய நாய், ஒரு கூட்டத்தில் பத்து மான் ஓடினாலும் அடிபட்ட ஒன்றை மட்டும் தொடர்வது இதனால்தான். இதற்காக ஜெர்மனியில் அடிப்பகுதியில் மான் குளம்பைப் பொருத்திய காலணி விற்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு நடந்து தடம் போடுவார்கள். அதற்கெல்லாம் இங்கே வாய்ப்பில்லை. இந்தப் படியைக் குடிபோன நாட்டில் செய்துகொள்ளுங்கள்.

நான் செய்த தவறு

நான்காவது மாதம், என் மகளைத் தடம் போடச் சொல்லிவிட்டு நான் தள்ளி இருந்தேன். எனக்கு வழி தெரியாது என்பதுதான் அன்றைய பயிற்சி. கிளிப்பும் வைக்கவில்லை. வேப்பமரம் வரை ஒழுங்காக வந்த புட்டு, திடீரென்று இடப்பக்கம் வாய்க்கால் ஓரம் திரும்பியது. அங்கே காலையில் உடும்பு ஒன்றைப் பார்த்திருந்தேன். அதன் பின்னால்தான் போகிறது என்று முடிவுகட்டி வாரைச் சுண்டினேன். மறுபடி அதே பக்கம். மறுபடி சுண்டினேன். மூன்றாம் முறை அது உட்கார்ந்துவிட்டது.

மகள் தூரத்திலிருந்து கத்தினாள்: "அப்பா, அது சரியாத்தான் போகுது. நீங்கதான் தப்பு."

வாய்க்கால் ஓரமாகத்தான் போட்டிருந்தாளாம். அதன்பிறகு இரண்டு வாரம், ஒவ்வொரு திருப்பத்திலும் புட்டு நின்று என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பழக்கத்தை ஒழிக்க மறுபடி பதினைந்து மீட்டர் நேர்கோட்டிலிருந்து தொடங்கினேன்.

ஆகவே நாயைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வழி தெரிந்து போகும் தடங்களில்தான் அதைச் செய்ய முடியும். தடத்தின் மேல் இருக்கும்போது வால் எப்படி ஆடுகிறது, மூச்சு எப்படிக் கேட்கிறது, வாரில் இழுப்பு எவ்வளவு. புட்டு சரியாகப் போகும்போது வால் தாழ்ந்து, சீராக, சலிப்புற்ற அலுவலர் மாதிரி ஆடும். பூனையோ கோழியோ குறுக்கிட்டால் வால் விறைத்துத் தலை ஒரு சாண் உயரும். உங்கள் நாய்க்கு வேறு அடையாளம் இருக்கும். மனைவியையோ மகனையோ கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லி இரவில் பாருங்கள். வயலில் கண்ணில் படாதது அதில் படும்.

உண்மையாகவே தடம் தவறினால் திட்ட வேண்டாம். கடைசியாக உறுதியாக இருந்த இடத்துக்கு அமைதியாகக் கூட்டிப்போய் மறுபடி தொடங்குங்கள். போகப் போக அங்கங்கே கிளிப்பைச் செருகிக்கொண்டே போவது இதற்காகத்தான். முடிந்ததும் இருபதையும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

வெயில், பாம்பு, மனிதர்கள்

மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. வாய்வழி மூச்சு விடும்போது மூக்கு வேலை குறைகிறது. இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அல்லது மாலை ஏழுக்கு மேல். நடுப்பகல் கூடவே கூடாது. தொடங்கும் முன்னும் முடிந்தபின்னும் தண்ணீர். நாக்கு அகலமாகித் தொங்கினால் அன்றைக்குப் போதும், தடம் பாதியில் இருந்தாலும் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிழலுக்குப் போங்கள். இடி கேட்டால் திறந்தவெளியில் நிற்காதீர்கள்.

உயரமான புல்லுக்குள் நல்லபாம்பும் மலைப்பாம்பும் இருக்கும். வடிகால் வாய் பக்கம் வாரைக் குறுக்கிப் பிடியுங்கள். உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காதுமடல், விரலிடுக்கு, கக்கம் தடவிப் பாருங்கள். பொது இடத்தில் வார் கழற்றக் கூடாது என்பது சட்டம். அதிர்ஷ்டவசமாக இந்த வேலைக்கும் அதுவே விதி.

மனிதர்களுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருங்கள். புல்லில் குனிந்து சொட்டுவிடுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். காலையில் மெதுவோட்டம் ஓடும் சீன அங்கிள் ஒருவர் என்ன தொலைந்தது என்று கேட்டார். மான் என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, கார் நிறுத்துமிடப் பக்கம் கைகாட்டிவிட்டு ஓடிப்போனார்.

நிஜ வேட்டைக்குப் போகும்போது

வேறு நாட்டில் உண்மையான மானைத் தேடப் போகிறீர்கள் என்றால், அந்த ஊர் விதியை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் வாரில் கட்டிய நாயை மட்டுமே அனுமதிக்கின்றன. நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு நாயைக் கொண்டுபோனால் மெல்பர்ன் அருகே மிக்கலம் நிலையத்தில் குறைந்தது 10 நாள் தனிமையில் இருக்கும். அங்கிருந்து வெளியே வந்ததும் உடனே பழைய நிலைக்கு வராது, சிறு தடங்களில் தொடங்குங்கள்.

சுட்டவரிடம் நிறையக் கேளுங்கள். எங்கே நின்று சுட்டார், மான் எப்படித் துள்ளியது, எந்தப் பக்கம் ஓடியது. தரையில் இருப்பதைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல். நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் குடல். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுப் போனால் படுத்த மானை எழுப்பி ஓட்டிவிடுவீர்கள், பிறகு மைல்கணக்கில் அலைய வேண்டும். நாய் வரும்வரை யாரும் அந்த இடத்தில் நடக்கக் கூடாது. நாலு பேர் பூட்ஸில் ரத்தத்தை ஒட்டிக்கொண்டு நாலு திசையில் நடந்துவிட்டு, அப்புறம் நாயைக் கூப்பிடுவதுதான் எல்லா நாட்டிலும் நடக்கிறது.

முடிவில் மான் உயிரோடு இருக்கலாம். கொம்புள்ள கடமான் ஒன்று சின்ன நாயைக் குத்திக் கொன்றுவிடும். வாரை விடாதீர்கள், துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னால் போகட்டும்.

இன்னொன்று. நம் நாய்க்கு இத்தனை நாளும் தடத்தின் முடிவு என்றால் ஒரு டப்பா. காட்டில் டப்பா இருக்காது. நாயைவிட இருபது மடங்கு பெரிய ஓர் உடல் கிடக்கும். முதல்முறை பல நாய்கள் பயந்து பின்வாங்கும். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள். நீங்கள் போய் அந்த மானின் பக்கத்தில் உட்காருங்கள். நாய் வட்டமடித்து, பின்னாலிருந்து வந்து, தொடைமயிரைக் கடித்து இழுத்துப் பார்க்கும். பார்க்கட்டும். மானை அறுக்கும்போது ஈரலில் ஒரு துண்டு வாங்கி, உங்கள் கையாலேயே அங்கேயே கொடுங்கள். தேக்காவில் வாங்கிய அதே ஈரல் வாசம்தான். அதற்கு உடனே விளங்கிவிடும்.